தாயில்லாக் குட்டியின் மலை

வட இங்கிலாந்தில், கம்பர்லாந்து மலையடியில் ஆட்டுக்கு வருஷத்துக்கொரு பேர் மாறும். பிறந்தால் குட்டி. பால் மறந்து முதல் குளிரைக் காண்கிறபோது ஹாக். முதல் ரோமம் வெட்டிவிட்டால் ஷியர்லிங். அதற்கப்புறம்தான் தாய் ஆடு. மனுஷனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கல்யாணமாகாமல் பண்ணையிலேயே தின்று படுத்து வேலை செய்கிறவன் எத்தனை வயசானாலும் 'பையன்'தான். லாண்டி மவுன்சிக்கு ஐம்பத்தாறு. முன்பல் ரெண்டு போய்விட்டது. முதலாளி ஜோப் டைசனுக்கு முப்பது வயசு. சின்ன வயசில் அவரை லாண்டி தோளில் வைத்து ஓடை தாண்டியிருக்கிறான். அவரும் "பையா" என்றுதான் கூப்பிடுவார்.

ஏப்ரல் பனியில் ஒரு தாய் ஆடு செத்தது. அதன் பெண்குட்டியை லாண்டி சட்டைக்குள் போட்டுக் கொண்டுவந்து, புட்டிவாயில் துணி சுற்றிப் பசும்பால் புகட்டினான். குட்டி பிழைத்தது. அவன் போகிற இடமெல்லாம் பின்னாலேயே வந்தது. குதிரை லாயத்து மச்சில் அவன் படுத்தால் ஏணிக்குக் கீழே நின்று கத்தும்.

"லாண்டி, உம் பொண்டாட்டி வாசல்ல நிக்கிறா, கஞ்சிய சீக்கிரம் குடி" என்பாள் சமையல்காரி டேமர். எல்லாரும் சிரிப்பார்கள். அவனும் சிரிப்பான். இத்தனை வருஷத்தில் வாசலில் அவனுக்காக நின்ற உயிர் அது ஒன்றுதான்.

ஜூலையில் முதலாளி சொன்னார்: "பையா, புட்டிப்பால் குட்டிக்கு மலை தெரியாது. முற்றத்துல நின்னு தின்னுக்கிட்டிருக்கிறத நான் வெச்சுக்க மாட்டேன். மந்தைய எறக்குறப்ப மலையில நின்னா ஹாக்குங்களோட சேத்துக்கறேன். இங்க நின்னா கசாப்புக்காரனுக்கு."

"நிக்கும் முதலாளி."

"எப்படி நிக்கும்? சொல்லித்தர அதுக்கு ஆத்தா இருக்காளா?"

அந்த மலையில் வேலி கிடையாது. தாய் மேய்ந்த சரிவுதான் குட்டிக்கு எல்லை. தாய் கூடவே நடந்து காலில் ஏறுகிற பழக்கம் அது. லாண்டி மூன்று தடவை குட்டியை மேலே விட்டு வந்தான். மூன்று தடவையும் அவனுக்கு முன்னால் அது முற்றத்துக்கு வந்துவிட்டது.

அப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில், வேலை இல்லாத அந்த ஒரு நாளில், விடிந்ததும் குட்டியோடு ஏறினான். மற்ற ஆடுகள் எழுந்தால் எழுந்தான். அவை ஓடைக்குப் போனால் போனான். மதியம் பாறை நிழலில் அவை படுத்தால், ஓட்ஸ் ரொட்டியைக் கடித்துக்கொண்டு அவனும் படுத்தான். கிழட்டுத் தாய் ஆடுகள் அவனை முறைத்துப் பார்த்தன. குட்டி அவன் முதுகில் சாய்ந்து அசை போட்டது. சாயங்காலம், தன் வாசனை கூட இருக்கட்டும் என்று, போட்டிருந்த கோட்டைக் கழற்றிப் பாறையடியில் விட்டுவிட்டு, குட்டி கண் மூடியதும் ஓடைப் பள்ளத்தில் தவழ்ந்தே இறங்கினான்.

ஆறாவது ஞாயிறு அது கீழே வரவில்லை. மறுநாளும் வரவில்லை.

இனி அவன் முகத்தைக் காட்டக்கூடாது. காட்டினால் கூடவே வந்துவிடும். செப்டம்பர் ஞாயிறுகள் நாலிலும் மச்சில் உட்கார்ந்து காலுறை தைத்தான். ஏணிக்குக் கீழே ஒரு சத்தமும் இல்லை. அப்படித்தான் இருக்கவேண்டும் என்று தனக்கே சொல்லிக்கொண்டான். சொன்ன பிறகும் காது ஏணிப் பக்கமே கிடந்தது.

"உம் பொண்டாட்டி வுட்டுட்டுப் போயிட்டாளா?" என்றாள் டேமர்.

"போவட்டும்."

அக்டோபரில் மந்தையை இறக்க அஞ்சு ஆளும் நாய்களும் மலை ஏறினார்கள். பாறையடியில் கோட்டு மக்கிக் கிடந்தது. அதற்கு முப்பது கெஜத்தில், கிழட்டு ஆடுகளோடு, லாண்டியின் குட்டி நின்றது. குட்டி அவனைப் பார்த்தது. நாயையும் பார்த்தது. பார்த்துவிட்டு, மந்தையோடு சேர்ந்து ஓடியது.

பட்டியில் முதலாளி அதன் முதுகைத் தடவினார். "நிக்கும்னு சொன்ன, நின்னுட்டா. நம்ம அடையாளச் சாயம் போடு. கடலோரத்துக்குக் குளிர் கழிக்கப் போறதுல இவளும் ஒருத்தி."

லாண்டி அதை முழங்காலுக்கு நடுவில் இடுக்கிச் சிவப்புச் சாயத்தை முதுகில் இழுத்தான். எந்த ஆளையும் உதைப்பது போல அது அவனை உதைத்தது. தாடையில் நன்றாகவே பட்டது. கையை விட்டான். அது துள்ளி மற்ற ஹாக்குகளுக்குள் புகுந்தது. ஒரு நிமிஷத்துக்கெல்லாம் எது அது என்று அவனுக்கே தெரியவில்லை.

இன்னும் முப்பத்தேழு பாக்கி இருந்தது. அடுத்ததைப் பிடித்தான்.