சுண்ணாம்பு வளையத்துக்கு உள்ளை ஒரு வீடு

எங்கடை நிலாவெளியிலை வீடு எண்டால் அது பொம்பிளைப் பிள்ளைக்கு. தாலியைக் கட்டிப்போட்டு மாப்பிள்ளைதான் பெண்ணின்ரை வீட்டுக்கு வந்து ஏறவேணும். பிள்ளையை மாமியாற்றை வளவுக்குள்ளை அனுப்பிப்போட்டு, அங்கை அவள் உப்புக்கும் புளிக்கும் கேட்டு நிக்கிறதைப் பாக்க என்னாலை ஏலாது.

மூத்தவளுக்கு நாங்கள் இருந்த வீட்டையே குடுத்தாச்சு. நானும் மனிசன் சின்னராசாவும் அவளின்ரை பின் அறையிலைதான் கிடக்கிறம். இளையவள் பூரணிக்கு எண்டு மிச்சம் இருந்தது என்ரை அம்மா தந்த கடற்கரைக் காணி ஒண்டுதான். அதிலை மண்சுவர் வைச்சு, முதிரை மரத்திலை நிலை போட்டு, புதுத் தென்னோலைக் கிடுகாலை மேய்ஞ்சு ஒரு வீடு எழுப்பினம். ஆவணியிலை கலியாணம். மாப்பிள்ளை கதிரவேல், துறைமுகத்திலை வேலை. யப்பான்காரனோடை வெள்ளைக்காரன்ரை சண்டை தொடங்கினாப்பிறகு திருகோணமலையிலை வேலை இல்லாத ஆம்பிளையே இல்லை எண்டு வையுங்கோவன்.

ஆனி மாதம் ஒரு காலமை சாணகம் கரைச்சுக்கொண்டு புது வீட்டு நிலம் மெழுகப் போறன், வீட்டுக்குப் பின்பக்கம் நிண்ட தென்னையிலை வெள்ளைச் சுண்ணாம்பாலை ஒரு வளையம். திரும்பிப் பாத்தால் வடக்கை, தெற்கை, கரை நீளத்துக்கும் அந்த நேர் வரிசையிலை நிண்ட தென்னை எல்லாத்துக்கும் வளையம். ஆரோ மரம் விக்கப்போறாங்கள் எண்டு நினைச்சு நான் அதிலை நிண்டே கத்தத் தொடங்கிட்டன்.

சத்தத்துக்கு எங்கடை ஊர் அதிகாரி, விதானையார் ஞானசேகரம் ஓடி வந்தார். பின்னாலை ஒரு நேவிக்கார வெள்ளையன், இறால் மாதிரிச் சிவந்துபோய்.

"சீதேவியக்கா, கொஞ்சம் பொறுமையாக் கேளுங்கோ," எண்டார் விதானையார். "யப்பான்காரன் கப்பலிலை வந்தால் பாக்கிறதுக்குக் கரை வெட்டவெளியா இருக்க வேணுமாம். வளையம் போட்ட மரத்திலையிருந்து கடல் வரைக்கும் கூரை ஒண்டும் இருக்கப்படாது. புதுசாக் கட்டவும் ஏலாது. ஆடி முடியமுதல் கழட்டிப்போட வேணும். நட்டஈடு எழுதித் தருவினம்."

"அப்ப என்ரை காணி?"

"காணி உங்கடைதான். மரம் நிக்கலாம், தோணி இழுத்துப் போடலாம், வலை காயப்போடலாம். ஆள் குடியிருக்கிறதும் விளக்குக் கொளுத்துறதும்தான் ஏலாது."

"வலையும் தோணியும் என்ரை பிள்ளைக்குச் சமைச்சுப் போடுமோ? நல்லாயிருக்கு உங்கடை சட்டம்! யப்பான்காரன் வந்தால் என்னட்டை விடுங்கோ, நான் கதைக்கிற கதையிலை அவன் திரும்பிப் போவான்."

வெள்ளையன் என்ன சொல்லுறா எண்டு கேட்டான். விதானையார் என்னத்தைச் சொன்னாரோ, அவன் தொப்பியைத் தொட்டு எனக்கு மரியாதை செய்துபோட்டுப் போனான். அது எனக்கு இன்னும் ஆத்திரம்.

சின்னராசா ஒரு பாவம். "சட்டம் ஊருக்கெல்லாம் வந்தது, எங்களுக்கு மட்டுமே?" எண்டு வெத்திலையை மடிச்சார். சொல்லுறது சரிதான். ஆனால் கரையிலை இருந்த மற்றவைக்கு உள்ளுக்கும் காணி இருந்தது. எங்களுக்கு அது ஒண்டுதான். வீடு இல்லாட்டிக் கலியாணம் இல்லை, அவ்வளவுதான் கதை. பூரணியோ கதிரவேலின்ரை சைக்கிள் மணி கேட்டாலே அடுப்பிலை இருக்கிறதைத் தீய விட்டிடுவாள். அந்தப் பிள்ளைக்கு நான் எந்த வாயாலை சொல்லுறது?

ரெண்டு நாளாலை கதிரவேலின்ரை தாய் சிவபாக்கியம் வந்தா. என்ரை மனிசனுக்கு ஒண்டுவிட்ட தங்கச்சி முறை, எனக்கு மச்சாள். கரைவலை முதலாளி, சம்மாட்டி ஒருத்தரின்ரை பெண்சாதி. புருசன் போனாப்பிறகும் வலையையும் தோணியையும் விடாமல் ஆளை வைச்சுத் தொழில் நடத்துற கெட்டிக்காரி. என்னைப் போலத்தான் அவவும், வாய்க்குப் பூட்டு இல்லை.

"ஏன் மச்சாள் இப்பிடி இடிஞ்சுபோய் இருக்கிறியள்?" எண்டா. "வளையத்துக்கு உள்பக்கம் என்ரை வளவு கிடக்குதானே. என்ரை அம்மா வீட்டு வளவு. ஒரு மூலையிலை உந்தக் கூரையைக் கொண்டுவந்து வையுங்கோ. சின்னஞ்சிறுசுகள் இருக்கட்டும்."

நல்ல மனசோடைதான் சொன்னா. இப்ப விளங்குது. அண்டைக்கு எனக்குக் கோபம் உச்சியிலை ஏறிட்டுது.

"அப்ப என்ரை பிள்ளை உங்கடை வளவுக்குள்ளை வந்து ஒண்டியிருக்கவோ? நாளைக்கு ஒரு கதை வந்தால் 'இது என்ரை மண், எழும்பு' எண்டு சொல்லவோ?"

"நான் அப்பிடிச் சொல்லுற ஆளோ?"

"நீங்கள் சொல்லாட்டில் உங்கடை மகள்மார் சொல்லுவினம். வேண்டாம் மச்சாள். கலியாணம் நிண்டாலும் பரவாயில்லை."

சொல்லி முடிச்ச உடனை நாக்கைக் கடிச்சன். வாயாலை விட்டது விட்டதுதான், அள்ள ஏலுமோ? சிவபாக்கியம் சேலைத் தலைப்பை உதறிக்கொண்டு எழும்பிப் போட்டா. கதவுக்குப் பின்னாலை நிண்டு கேட்ட பூரணி என்னோடை கதைக்கிறதை விட்டிட்டாள். தண்ணி வேணுமோ எண்டு கேட்டால் தகப்பனுக்குப் பதில் சொல்லுவாள்.

ஆடியும் பிறந்திட்டுது. ஒருநாள் கோயிலுக்குப் போட்டுச் சிவபாக்கியத்தின்ரை வேலியாலை வந்தன். வேலியிலை, முருங்கையிலை, குசினிக் கூரையிலை, எங்கை பாத்தாலும் வலை. மிச்சம் நிலத்திலை ஈரமாக் குவிஞ்சு கிடந்து நாறுது. அவ நடுவிலை குந்தியிருந்து வலையைக் கையாலை பிய்ச்சுப் பாக்கிறா. பருத்தி நூல் வலை காயாமல் கிடந்தால் உக்கிப்போகும், அது எங்கடை கரையிலை குழந்தைக்கும் தெரியும்.

கோபமாயிருக்கிறன் எண்டதை மறந்து, "என்ன மச்சாள் இது கோலம்?" எண்டு கேட்டிட்டன்.

"நேவிக்காரன் என்ரை வலை காயப்போடுற வெளியிலை கூடாரம் அடிச்சிட்டான். உங்களுக்கு மட்டுமே சட்டம் வந்தது?" எண்டா, முகத்தை நிமித்தாமல். "தோணி இழுக்கவும் இடமில்லை. இப்பிடியே போனால் வலையை விறகுக்குத்தான் போடவேணும்."

அந்த இடத்திலை எனக்குப் பொறி தட்டிச்சுது. என்ரை காணியிலை வலை காயலாம், ஆள் இருக்க ஏலாது. அவவின்ரை வளவிலை ஆள் இருக்கலாம், ஆனால் கடல் இல்லை. சட்டம் எங்கள் ரெண்டு பேரையும் பிழையான இடத்திலை இருத்தி வைச்சிருக்குது!

"மச்சாள், எழும்புங்கோ," எண்டன். "என்ரை கடற்கரைக் காணியை நீங்கள் எடுங்கோ. அந்த அளவுக்கு உங்கடை வளவிலை எனக்குத் தாங்கோ. ஒருதருக்கு ஒருதர் கடன் இல்லை. மாத்துக்கு மாத்து."

அவ எழும்பிக் கையைச் சேலையிலை துடைச்சா. "தென்னை நிக்குதெல்லோ உங்கடை காணியிலை? காயும் எனக்குத்தான்."

"அப்ப உங்கடை கிணத்தடி என்ரை பக்கம் வரவேணும்."

"கிணறோ! தேங்காய்க்குக் கிணறு கேக்கிற ஆளை நான் இண்டைக்குத்தான் கண்டன்."

"வலையை வேலியிலை காயப்போடுற ஆளையும் நான் இண்டைக்குத்தான் கண்டன்."

வெய்யில் உச்சிக்கு வருமட்டும் பேரம் பேசி இழுபறிப்பட்டம். கடைசியிலை கிணறு ரெண்டு பேருக்கும் பொது, காய் அவவுக்கு, கிணத்தடி முருங்கை எனக்கு எண்டு முடிஞ்சுது. கயிறு பிடிச்சு அளக்க அவ ஒருபக்கம் இழுத்தா, நான் மற்றப்பக்கம் இழுத்தன். சின்னராசா நடுவிலை நிண்டு, "உங்கடை இழுவைக்குக் கரைவலை தோத்துது!" எண்டு சிரிச்சார். வீட்டை வரேக்கை நான் அவவை நல்லா ஏமாத்திப்போட்டன் எண்டு எனக்கு ஒரே சந்தோசமும் புளுகமும். அவவும் தன்ரை மகனுக்கு அப்பிடித்தான் சொன்னாவாம். பட்டணத்திலை நொத்தாரிசிட்டைப் போய்க் காணி உறுதி எழுதி முடிச்சம், எங்களுக்கு வந்த வளவுத் துண்டு பூரணியின்ரை பேரிலை.

அடுத்த கிழமை கூரை தூக்கினம். முதலிலை நிலையையும் கதவையும் கழட்டிக் கொண்டுபோய், புது வளவிலை சுவரை எழுப்பினாப்பிறகு, ஊர் ஆம்பிளையள் எல்லாரும் சேர்ந்து கூரையை அப்பிடியே தோளிலை ஏத்திச்சினம். "ஏலேலோ" எண்டு வலை இழுக்கிற பாட்டோடை கூரை தென்னைகளுக்குள்ளாலை நடந்து போச்சுது. கூடாரத்திலையிருந்து நேவிப் பொடியங்கள் ஓடிவந்து ஒரு மூலையிலை தோள் குடுத்தாங்கள். அண்டைக்குத் தொப்பியைத் தொட்ட வெள்ளையனும் அதுக்குள்ளை நிண்டான். எல்லாருக்கும் அவிச்ச மரவள்ளிக்கிழங்கும் கட்டைச் சம்பலும் குடுத்தன். உறைப்புத் தாங்காமல் அவன் துள்ளினதைப் பாத்தாப்பிறகு எனக்கு அவனிலை கோபம் இல்லை. கூரை ஒருபக்கம் கொஞ்சம் சரிஞ்சுதான் இருந்தது. இருந்தால் என்ன?

ராவிலை விளக்குக் கொளுத்தக்கூடாது எண்ட இருட்டடிப்புச் சட்டத்தாலை கலியாணத்தைப் பகலிலைதான் வைச்சம். கோயிலிலை தாலி கட்டி, மேளத்தோடை மாப்பிள்ளையையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு புது வீட்டுக்கு வந்தம். எல்லாரும் உள்ளுக்குப் போட்டினம். திரும்பிப் பாக்கிறன், சிவபாக்கியத்தைக் காணேல்லை. படலைக்கு வெளியிலை, வெய்யிலுக்குள்ளை நிக்கிறா.

"வாங்கோவன் மச்சாள், ஏன் அதிலை நிக்கிறியள்? நீங்கள் ஓடித்திரிஞ்ச வளவெல்லோ?"

"அது அப்ப," எண்டா. "உங்கடை அழைப்புக்கு நான் வரேல்லை. வீட்டுக்காரி கூப்பிடட்டும்."

எனக்குக் கண் நிரம்பிச்சுது. உள்ளுக்கு எட்டிப் பாத்துப் பூரணியைக் கூப்பிட்டன். கூறைச் சேலை தடக்கத் தடக்க, செம்பிலை தண்ணியோடை வந்தாள்.

"வாங்கோ மாமி, உள்ளுக்கு வாங்கோ."

சிவபாக்கியம் செம்பை வாங்கிக் காலைக் கழுவினா. பிறகுதான் தான் பிறந்த வளவுக்குள்ளை கால் வைச்சா.