எஞ்சினியர்னே வாசிங்க

“எஞ்சினியர்னு வாசிக்கக் கூடாதுன்னா கூடாதுதான்!”

சுந்தர்சிங் போட்ட சத்தம், நடுவீட்டு பெஞ்சில் கோட்டு மாட்டிக் கிடத்தியிருந்த அப்பாவைத் தாண்டி, அடுப்படியில் காப்பி ஆற்றிக்கொண்டிருந்த தங்கை ஜெயசெல்விக்குக் கேட்டது. தெருவுக்கும் கேட்டிருக்கும். புது ஹார்பரில் கப்பல் ஊதினாலே எந்த தேசத்துக் கப்பல் என்று சொல்லிவிடுகிற காதுகள் அந்தத் தெருவில் உண்டு.

“ஏலே, மெதுவாப் பேசு. செத்துக் கெடக்கது ஒங்கப்பன்,” என்றாள் கிருபாபாய் அத்தை. இறந்துபோன தேவபிரசாதம் வாத்தியாரின் தங்கை. அழுவதற்கும் அதட்டுவதற்கும் அவளிடம் ஒரே குரல்தான் இருந்தது.

சண்டை வாழ்க்கைக் குறிப்பைப் பற்றியது. அடக்க ஆராதனையில், இறந்தவர் பிறந்தது, படித்தது, ஊழியம் செய்தது எல்லாம் சொல்லிவிட்டு, பிள்ளைகள் யார் யார், என்ன உத்தியோகம் என்று உபதேசியார் வாசிப்பார். ஜனங்கள் அழுகையை நிறுத்திக் காதைத் தீட்டுகிற இடம் அது. வேதமணி உபதேசியார், ‘மகன் பம்பாயில் எஞ்சினியர்’ என்று எழுதிக்கொண்டு, சரிதானே என்று ஒரு மரியாதைக்குக் கேட்டார். அங்கே பிடித்தது வினை.

ஜெயசெல்வி காப்பித் தட்டோடு வந்தாள். “எஞ்சினியர் இல்லாம நீ வேற என்னண்ணே?”

“கேம் டெஸ்டர்.”

“அப்படின்னா?”

“டெலிவிஷன் பெட்டில ஆடுத பந்து விளையாட்டு எங்க கம்பெனில செய்தாங்க. விக்கதுக்கு முன்னால நான் ஆடிப் பாக்கணும். பந்து மட்டைக்குள்ள புகுந்து போகுதா, பாயிண்டு தப்பா விழுதான்னு. ஜெயிச்சும் பாக்கணும், தோத்தும் பாக்கணும்.”

அத்தை நெஞ்சில் கை வைத்தாள். “வெளையாடதுக்குச் சம்பளமா? எந்தக் கிறுக்கன்லே குடுக்கான்?”

உபதேசியாருக்கு அந்தக் கம்பெனி விலாசம் கேட்க ஆசைதான் போலிருந்தது. இருமி அடக்கிக்கொண்டார்.

ஜெயசெல்விக்குச் சிரிப்பு வரவில்லை. நாசரேத்தில் டீச்சர் வேலை கிடைத்த வாரம்தான் அப்பாவுக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. கோணிய வாயால் அவர் சொன்னார்: “எஞ்சினியர் வேலய விட்டுட்டு அவன் வர முடியுமா? நீதாம்மா பாக்கணும்.” அவள் பார்த்தாள். வரவில்லை என்று பள்ளிக்கூடத்துக்குச் சொல்லியனுப்பிவிட்டு நாலு வருஷம் கஞ்சி ஊட்டினாள், படுக்கை மாற்றினாள்.

“அப்பாட்டயே பொய் சொல்லியிருக்க.”

“நான் எங்க சொன்னேன்? அப்பாவுக்குத் தெரியும்ளா.” சுந்தர்சிங்கின் குரல் இறங்கியது. “சீக்காகதுக்கு முன்னால பம்பாய் வந்தாருல்லா? கம்பெனிக்கே கூட்டிட்டுப் போனேன். என்கூட உக்காந்து ஆடினாரு. நான் தோத்தா கைதட்டிச் சிரிச்சாரு. ரயில் ஏறும்போதுதான், ‘ஊர்ல எஞ்சினியர்னே சொல்லிக்கிடுதேன்’னாரு. அன்னைக்குச் சரின்னேன். இன்னைக்கு அவர முன்னால கெடத்தி வச்சிக்கிட்டு வேண்டாம்.”

“ஊர்லதான?” என்றாள் ஜெயசெல்வி. “நான் ஊரா?”

காப்பி ஆடை கட்டியது.

அவள் தாயம் ஆடிய சோழிகளைப் பிடுங்கிக் கிணற்றில் வீசியவர் அப்பா. நெஞ்சின்மேல் சேர்த்துக் கட்டியிருந்த அந்தக் கைகளைப் பார்த்தாள். தட்டிச் சிரிக்கிற கைகளாக அவளுக்குத் தெரியவில்லை.

“உள்ளதையே வாசிங்க ஐயா,” என்றான் சுந்தர்சிங்.

“வேண்டாம். எஞ்சினியர்னே வாசிங்க,” என்றாள் ஜெயசெல்வி.

“இதுல்லா பிள்ள!” என்றாள் அத்தை.

“மகள் ஜெயசெல்வி, நாசரேத்தில் ஆசிரியைன்னும் எழுதிக்கிடுங்க.”

உபதேசியார் பேனாவைத் தாளிலிருந்து எடுத்துவிட்டார். “நீ வேலையில சேரவே இல்லியம்மா. ஆராதனைல போய்ப் பொய்ய...”

“அவன எஞ்சினியர்ங்க வாய்க்கு என்ன டீச்சர்ங்க வலிக்குமா? அந்த எஞ்சினியருக்காவத்தான் நான் டீச்சராவல. வாசிச்சா ரெண்டயும் சேத்து வாசிங்க. இல்லன்னா ரெண்டயும் விட்டுருங்க.”

இரண்டையும் விட்டால் ஜனங்கள் கேட்பார்கள். சாயங்காலம் கோயிலில் உபதேசியார் இரண்டையும் வாசித்தார். எஞ்சினியரை ஊர் வழக்கம்போல் விழுங்கிக்கொண்டது. ஆசிரியை என்றதும் அத்தனை தலைகளும் திரும்பின. முந்தாநாள் வரை மீன்காரியிடம் தங்களோடு நின்று பேரம் பேசியவள் எப்போது நாசரேத்துக்குப் போய் வந்தாள்? ஜெயசெல்வி முந்தானையைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டு, திரும்பிய ஒவ்வொரு முகத்தையும் நேராகப் பார்த்தாள். சுந்தர்சிங் மட்டும் குனிந்திருந்தான்.

ஜூன் பிறந்ததும் அவள் ஏரலில் ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்ந்துவிட்டாள். அடுத்த வருஷம் புதுக்கோட்டைக் கம்பவுண்டர் ஒருவரோடு கல்யாணம். அண்ணனுக்குச் சொல்லவில்லை என்று அத்தையும், சொல்லியும் அவன் வரவில்லை என்று எதிர்வீடும் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அவன் பம்பாயிலேயே ஒரு மங்களூர்க்காரியைக் கட்டிக்கொண்டான்.

ஒரே ஒரு தடவை மனைவியோடு ஊருக்கு வந்தான். தங்கைக்கென்று ஒரு விளையாட்டுப் பெட்டி கொண்டுவந்திருந்தான். அதை மாட்டிப் பார்க்க அந்தத் தெருவில் டெலிவிஷன் கிடையாது. ஜெயசெல்வியும் ஏரலிலிருந்து வரவில்லை. அத்தை அதைப் பிரிக்காமல் பீரோவின்மேல் ஏற்றி, தூசி படியாதிருக்கப் பூப்போட்ட துணி ஒன்றைப் போர்த்தி வைத்தாள்.