பத்திரத்தில் முப்பதாயிரம்

லெச்சே ஊருக்குத் தெற்கே அந்த ஒலிவத் தோப்பை வாங்கும்போதே டொனாட்டா தலைபாடாக அடித்துக்கொண்டாள். பேசிய விலை எண்பதாயிரம் யூரோ. பத்திரத்தில் முப்பதாயிரம் காட்டினால் போதும் என்றான் அவள் கணவன் சாவினோ.

"கொடுக்கிறதை எழுதினா என்ன குறைஞ்சுபோச்சு?"

"வரிக்காரன் உனக்கென்ன மாமனா மச்சானா? ஊரே குறைச்சுத்தான் எழுதுது. உனக்கு மட்டும் என்ன அரிச்சந்திரன் வேஷம்?"

அவளும் முனகிக்கொண்டே கையெழுத்துப் போட்டாள். மிச்சப் பணம் உறையில் கைமாறியது.

கொஞ்ச நாளில், பக்கத்து நிலத்துக்காரர் ஒரோன்சோவிடமிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்தது. விளைநிலம் விலைக்கு வந்தால், சட்டப்படி பக்கத்தில் சொந்தமாகப் பயிர் செய்பவருக்குத்தான் வாங்க முதல் உரிமை. தன்னிடம் யாரும் கேட்கவில்லை. ஆகவே பத்திர விலையைக் கொடுத்துத் தோப்பை எடுத்துக்கொள்வேன் என்றிருந்தது.

"எண்பது கொடுத்தோம்னு சொல்லிடலாமே?" என்றாள் டொனாட்டா, தங்கள் வக்கீலிடம்.

"சொல்லுங்க. வரி ஆபீஸ் அபராதம் போடும். ஒரோன்சோ அப்பவும் முப்பதுதான் கொடுப்பார். எழுதினதுதான் விலை."

டொனாட்டா நேரே தோப்புக்குப் போனாள். ஒரோன்சோ ஏணியில் நின்று தன் மரத்தைக் கவாத்து செய்துகொண்டிருந்தார்.

"பெரியவரே, இது நியாயமா? நாங்க கொடுத்தது எவ்வளவுன்னு ஊருக்கே தெரியும்!"

"தெரியும்மா. முதல்லயே எங்கிட்ட கேட்டிருந்தா எண்பதுக்கே யோசிச்சிருப்பேன். ஒரு பயலும் கேக்கல. முப்பதுன்னு எழுதினது நானா?"

"அது சும்மா எழுதினது!"

"சும்மாவா? நான் நிஜம்னு நம்பிட்டேன்" என்று அடுத்த கிளையை வெட்டினார்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர்மேல் கோபப்படவும் வழியில்லை என்பதுதான் கூடுதல் எரிச்சல்.

வழக்கு நடத்திப் பயனில்லை என்று வக்கீல் கைவிரித்தார். கடைசியில் முப்பதாயிரத்தை வாங்கிக்கொண்டு தோப்பை எழுதிக் கொடுத்தார்கள். திரும்பும் வழியில் சாவினோ காரை ஓட்டியபடி பெருமூச்சு விட்டான்.

"எப்படியோ, வரியாவது மிச்சமாச்சு."

"வண்டியை நிறுத்து."

"எதுக்கு?"

"நிறுத்துன்னா நிறுத்து!"

இறங்கி வெயிலில் நடந்தாள். சாவினோ காரை ஊர்ந்து ஓட்டி, ஹாரன் அடித்துக்கொண்டே பின்னால் வந்தான். ஊர் எல்லைவரை அவள் திரும்பிப் பார்க்கவில்லை.