துண்டுக்குள் ஒரு கை

1

இந்தக் கதை ஒரு சண்டையில் பிறந்தது. என் அப்பா கந்தப்பனைப் பற்றி எழுதி, அவரிடமே வாசித்துக் காட்டினேன். முதல் வரி இது:

'கந்தப்பனின் வலது கை, காற்றில் ஆடும் இலையைப் போல—'

"நிறுத்து அம்மணி. எலை தழையெல்லாம் எதுக்கு? பார்க்கின்சன்னு எழுது. பேரு இருக்குதில்ல?"

எழுதிவிட்டேன்.

2

(இரண்டாவது தொடக்கம். இதற்கு ஒப்புக்கொண்டார்.)

அப்பா பொள்ளாச்சி மாட்டுச் சந்தையில் தரகர். அங்கே விலையை வாயால் சொல்வதில்லை. கைகளின் மேல் துண்டைப் போட்டு, விரலைப் பிடித்து அழுத்திப் பேசுவார்கள்.* ஒருநாள் அப்பா ஒருமுறைதான் அழுத்தினார். நடுக்கம் அதைப் பலமுறையாக்கிவிட்டது. விலை ஏறுகிறதென்று மாட்டை விற்க வந்தவர் சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டார்.

"ஏனுங்க, அமுத்திப்போட்டு இப்ப இல்லைங்கறீங்களே?"

அந்தக் கேள்விக்குப் பிறகு அப்பா சந்தைக்குப் போகவில்லை.

* சுற்றி நிற்பவர்களுக்கு எதுவும் தெரியாது. விற்கப்படும் மாட்டுக்கும்தான்.

3

கோவையில் ஒரு மருத்துவமனையில் புது மருந்து ஆய்வுக்கு ஆள் தேடினார்கள். டாக்டர் ஃபஹீமா விளக்கினார்: வழக்கமான மருந்துகளோடு, பாதிப் பேருக்குப் புது மருந்து, மீதிப் பேருக்கு அதே நிறத்தில் வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று ஆய்வு முடியும்வரை டாக்டருக்கே தெரியாது.

நான் பதறினேன். அப்பா வெகுநாளைக்குப் பிறகு சிரித்தார்.

"அப்ப நீங்களும் துண்டு போட்டுத்தான் பேசறீங்க. நான் வாரேனுங்க."

4

(இந்த இடத்தில் அவரைப் பயப்பட வைக்கப் பார்த்தேன். கதாபாத்திரம் மறுத்துவிட்டது. பயந்தது நான்தான்.)

சில மாதங்களில் நடுக்கம் கூடியது. சட்டைப் பொத்தானை நான் போட்டுவிட வேண்டியிருந்தது.

"உங்களுக்கு வெறும் மாத்திரைதான் போலங்கப்பா. வெளிய வந்துருங்க. எப்ப வேணாலும் விலகலாம்னு டாக்டரே சொன்னாங்கல்ல?"

"விலகலாம் கண்ணு. ஆனா துண்டுக்குள்ள கைய உட்டுப்போட்டு, பேச்சு முடியறதுக்குள்ள உருவுனவன்னு எனக்குப் பேரு இல்லை."

"வெறும் மாத்திரையத் தின்னு என்னங்கப்பா ஆகப்போகுது?"

"அதைத் தின்னவன் இல்லாம, மருந்து வேலை செய்யுதான்னு எதை வெச்சுப் பாப்பாங்க? துண்டுக்குள்ள ரெண்டு கை வேணுமல்ல?"

இந்த மனிதரின் மகள் நான் என்று யாரிடமாவது உடனே சொல்ல வேண்டும் போலிருந்தது. அதனால்தான் உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

5

இரண்டு முடிவுகள் வைத்திருந்தேன்.

அ) அவர் சாப்பிட்டது மருந்துதான். அதனால்—

ஆ) அவர் சாப்பிட்டது வெறும் மாத்திரை. பாவம், அவர்—

'பாவம்' என்பதை அடிக்கச் சொன்னார். அடித்துவிட்டேன். அதற்கப்புறம் இரண்டில் எதையும் என்னால் முடிக்க முடியவில்லை.

இன்று அவருடைய கடைசிப் பரிசோதனை முடிந்தது. மற்றவர்களும் முடிக்கும்வரை யாருக்கு எது என்று சொல்லமாட்டார்கள். எங்கள் ஊர் கிணத்துக்கடவில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது அப்பா சொன்னார்:

"வர்ற வியாழக்கிழமை சந்தைக்குப் போறேன் அம்மணி. கை நடுங்கும்னு முன்னயே சொல்லிப்போட்டுப் புடிச்சா ஆச்சு."

இப்போது என் மேசைக்கு எதிரே நின்று துண்டை உதறிக்கொண்டிருக்கிறார். பழகிப் பார்க்க ஒரு கை வேண்டுமாம். என் கையில் பேனா இருக்கிறது.

உங்கள் கையைக் கொடுங்கள். அவர் கை நடுங்கும், முன்பே சொல்லிவிட்டேன். பேச்சு முடிவதற்குள் உருவிவிடாதீர்கள்.