ஐந்தாம் வார்டின் வெள்ளைப் புருவம்

மார்ச் எட்டாம் தேதி, காலைக் கஞ்சிக்கும் டாக்டர்கள் வருவதற்கும் நடுவில், மலாக்கா ஆஸ்பத்திரி ஒன்றின் ஐந்தாம் வார்டில் வீரமுத்துவின் குடும்பப் புருவம் பக்கத்துக் கட்டில்காரனுக்கு வந்துவிட்டது. வீரமுத்து பெம்பான் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் முப்பத்தோரு வருஷம் குலை வெட்டியவர். அவர் வீட்டு ஆண்களுக்கு நான்கு தலைமுறையாக இடது புருவத்தின் நடுவில் விரலகலம் வெள்ளை. இனிப்புநீர் வியாதியில் கால் புண்ணாகி வந்து சேர்ந்தவருக்கு மூன்று மருந்து ஏற்றியும் புண் மசியவில்லை. பக்கத்துக் கட்டில் கவிநேசன், பாயா ரும்புட்டில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து கால் ஒடிந்து புண்ணான இருபத்து நான்கு வயதுப் பையன். அவனுக்குப் புருவம் வெளுத்த அன்றே, அதுவரை எந்த மருந்தையும் பார்த்திராத அவன் புண்ணும் அதே மூன்று மருந்தையும் தள்ளிவிட்டது.

வீரமுத்துவின் மனைவி ஜெயமணி பையனைப் பார்க்கவில்லை. அவனுடைய அம்மா தேவமலரைத்தான் பார்த்தாள். கல்யாணத்துக்கு முன் தேவமலரும் அதே தோட்டம்.

"அப்ப எந்த பிளாக்குல வேலை செஞ்ச?"

"ஆறாவது பிளாக்கு, அக்கா. ஏன்?"

"இவரும் அங்கதான் வெட்டுனாரு."

"நூறு பேரு வெட்டுனாங்க. எல்லாரும் என் பிள்ளைக்கு அப்பனா லா?"

"கால வெட்டுவாங்களானு கெடக்கிறேன், இவ எனக்கு மகன் பார்க்கிறா" என்றார் வீரமுத்து. ஜெயமணி சிரிக்கவில்லை. உண்மை தெரியாமல் கட்டிலண்டை வரமாட்டேன் என்று வராந்தா பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். ரசத்தைத் தாதியிடம் கொடுத்தனுப்பினாள். அவருக்குக் காய்ச்சல் ஏறிக்கொண்டே போனது. அவர் கண்மூடுவதற்குள் அவள் உள்ளே வருவாளா என்று வார்டே காத்திருந்தது. நான்காம் நாள் எதிர்க்கட்டில் சீனக் கிழவருக்கும் புருவம் வெளுத்து, அவர் புண்ணும் மருந்தைத் தள்ளியது. அவர் வீரமுத்துவைவிட எட்டு வயது மூத்தவர். ஆகவே ஜெயமணியின் சந்தேகம், செத்துப்போன மாமனார் மேலும் போனது.

டாக்டர் ஷாந்தினி வராந்தாவுக்கே வந்து உட்கார்ந்து சொன்னாள். "ஆன்ட்டி, இந்தக் கிருமிங்க பெத்த பிள்ளைக்கு மட்டும் குடுக்கிறதில்ல. மருந்த ஏமாத்துற வித்தைய ஒரு காப்பி எடுத்துப் பக்கத்துல இருக்கிறதுக்கும் குடுத்துரும். வேற சாதிக் கிருமினாலும் குடுக்கும்."

"கிருமி குடுக்கும்லா. புருவம்?"

"அதுக்கு இன்னும் ரிப்போர்ட் வரல. மூணு பேரையும் தொட்டது யாரு?"

ஜெயமணி யோசித்தாள். தினம் காலையில் வீரமுத்துவின் கட்டைத் தளர்த்தி, புண்ணோரம் திருநீறு பூசியது அவள். அந்தக் கையோடு, அம்மா வந்து சேரும்வரை துணைக்கு ஆளில்லாமல் கிடந்த பையனுக்கும் பூசினாள். சீனக் கிழவர் தானாகவே நெற்றியை நீட்டினார். அவள் தன் வலது கட்டைவிரலைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். குழாயடிக்குப் போய்த் தோல் சிவக்கச் சோப்புப் போட்டாள். பிறகு உள்ளே போனாள்.

"வந்துட்டியா?"

"டாக்டர நம்பி வந்திருக்கேன். உங்கள நம்பி இல்ல."

பத்தொன்பதாம் நாள் வீரமுத்து இறந்தார். அவள் பக்கத்தில்தான் இருந்தாள். அதற்குள் மற்ற இருவரின் புண்ணும் ஒன்பதாவது மருந்துக்குக் கட்டுப்பட்டு, அவர்களை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள்.

பெம்பான் வீட்டில் வாய்க்கரிசிக்குப் பங்காளிகளைக் கூப்பிட்ட சடங்குக்காரர் பெரியதம்பி, கூட்டத்தில் புருவங்களைப் பார்த்து, கவிநேசனையும் சீனக் கிழவரையும் வரிசையில் நிறுத்தினார். ஜெயமணி தேவமலரை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தாள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கவிநேசன் ஊன்றுகோலோடு போட்டு முடித்தான். கிழவர் எத்தனை தரம் என்று சைகையில் கேட்டார். ஜெயமணி மூன்று விரலைக் காட்டினாள்.