கேன் தண்ணீரில் வளர்ந்த பாக்டீரியா

1

தீபாவளி மலருக்கு அறிவியல் கதை ஒன்று வேண்டும் என்று ஆசிரியர் கேட்டார். "முடிவுல கொஞ்சம் நம்பிக்கை இருக்கட்டும் சார்." எதிர்ப்பக்கம் பட்டாசு விளம்பரமாம். இந்தக் கதை பிறந்த லட்சணம் இதுதான்.

2

தாயில்பட்டியின் செம்மண் காட்டில் சூரியன்...

[அடித்துவிட்டேன். நான் எழுதும் இடம் கரிசல். ஊருக்குப் போகாமல் எழுதினால் இப்படித்தான்.]

நேராகவே சொல்கிறேன். முத்துமாரியம்மாளின் இரண்டு ஏக்கருக்கு ஒரே கிணறு. பக்கத்துப் பட்டாசுக் கம்பெனி கழுவிவிட்ட பெர்குளோரேட் என்ற நச்சு உப்பு அதில் இறங்கிவிட்டது. கிணற்றை மூடினால் புகாரும் மூடிக்கொள்ளும் என்பது முதலாளி மணிகண்டராஜின் யோசனை. கல்லூரியில் நுண்ணுயிரியல் நடத்தும் ஸ்ரீமதி குறுக்கே வந்தாள். அதே கிணற்றுச் சகதியில் அந்த உப்பைத் தின்னும் பாக்டீரியாவைக் கண்டுபிடித்திருந்தாள். ஊர்க்கூட்டத்தில் பேசி முடித்தார்கள்: அது தண்ணீரைச் சுத்தம் செய்தால் கிணறு இருக்கும், இல்லையென்றால் மண்.

(உப்பைத் தின்பது அந்தப் பாக்டீரியாவின் பிறவிக் குணமல்ல. தாவித் திரியும் மரபணுத் துண்டு ஒன்று தரும் திறமை. பக்கத்துப் பாக்டீரியாவிடமிருந்து வந்தது, அடுத்ததற்கும் போகும். உப்பில்லாத இடத்தில் வீண் சுமையென்று கழன்றும் போகும். பக்கத்து வீட்டுக்கு எதையும் கொடுத்துப் பழகாத நமக்கு இது புரியக் கொஞ்ச நேரம் பிடிக்கும்.)

3

ஸ்ரீமதி அந்தப் பாக்டீரியாவை வளர்த்த பீப்பாய் கம்பெனி ஷெட்டில் இருந்தது. கிணற்றுத் தண்ணீர் மட்டுமே ஊற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டு ஸ்ரீமதி தேர்வுப் பணிக்குப் போனாள். மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்தபோது பீப்பாய்க்குச் சந்தனம், குங்குமம், மாலை. சோதனைத் தண்ணீரில் ஊற்றிப் பத்து நாள் கழித்து அளந்தார்கள். உப்பு இம்மியும் குறையவில்லை.

"கெணத்துத் தண்ணியத்தான ஊத்துனீங்க?"

"ஆபீசர் வர்ற எடத்துல அந்த நாத்தத்தையா வைக்கச் சொல்லுதீக? கொட்டிட்டு கேன் தண்ணி ஊத்துனோம். வெல்லமும் போட்டோம். ராசா மாதிரில்ல வச்சிருந்தோம்!" என்றார் முதலாளி.

மணிகண்டராஜை வில்லனாக்கப் பார்த்தேன். அதற்கும் கொஞ்சம் அறிவு வேண்டும். விருந்தாளிக்கு வைக்கிற தண்ணீரை வைத்தார், அவ்வளவுதான். மூன்று வாரச் சொகுசில் பாக்டீரியா அந்த மரபணுத் துண்டைக் கழற்றிப் போட்டுவிட்டது.

4

முடிவு அ: ஸ்ரீமதிக்கு விருது. [ஆசிரியருக்குப் பிடிக்கும். எனக்குக் குமட்டுகிறது.]

முடிவு ஆ: முத்துமாரியம்மாள் கிணற்றில் குதி... [சீ. பெண்ணைக் கொன்று கைதட்டல் வாங்கும் புத்தி எனக்கும் இருக்கிறது.]

இனி நடப்பது மட்டும். மண் லோடு வந்துவிட்டது. ஜேசிபியின் முன்னால் முத்துமாரியம்மாள் நிற்கிறாள், பக்கத்தில் ஸ்ரீமதி.

"ஏத்தா, சகதியில அது இன்னும் இருக்கா?"

"இருக்கும்மா. அதுக்குத் தின்ன உப்பு அங்கதான இருக்கு. ஒரு மாசம் குடுத்தாப் போதும்."

"ஏலே கண்ணுச்சாமி, கேட்டியா? வண்டிய நிப்பாட்டு!"

டிரைவர் கண்ணுச்சாமி முதலாளியைப் பார்க்கிறான். ஒரு மாதமெல்லாம் முடியாது, சீசன் நேரம், ஆர்டர் குவிந்து கிடக்கிறது என்கிறார் முதலாளி. யாருடைய ஆர்டர்?

கண்ணுச்சாமி இப்போது உங்களைப் பார்க்கிறான். மலரை மடியில் வைத்திருக்கிறீர்கள், பட்டாசுப் பெட்டி பக்கத்தில் இருக்கிறது. அவனுக்கு ஒரு பதில் சொல்லிவிட்டுப் பெட்டியைப் பிரியுங்கள். முத்துமாரியம்மாள் இன்னும் நகரவில்லை.