கடல்பசுவுக்குக் குரல் கொடுத்தவர்

ஃப்ளெக்ஸின் மேல்முனையை மின்கம்பத்தில் இறுக்கிக் கட்டிவிட்டு ஆள் ஏணியிலிருந்து இறங்கியபோதுதான் செல்லக்கனி ஜன்னல் வழியாக அதை முழுதாகப் பார்த்தாள். ஒரு பக்கம் அவள் கணவர் ஜெபசீலன், பணி ஓய்வு பெற்ற அன்று எடுத்த கோட்டுப் போட்ட படத்தில். இன்னொரு பக்கம் ஏதோ ஒரு கடல் மிருகம், மூக்கு நுனியில் பந்தைத் தாங்கிக்கொண்டு. நடுவில் சிவப்பு எழுத்தில், ‘சினிமாவில் கடல்பசுவுக்குக் குரல் கொடுத்த எங்கள் அண்ணன் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’ என்று போட்டிருந்தது.

அது கடல்பசுவே இல்லை, சர்க்கஸ் கடல்சிங்கம். கடல்பசு நம்முடைய கடலுக்கு அடியில் புல் மேய்கிற சாதுப் பிராணி, அது எதற்குப் பந்து விளையாடப் போகிறது? அந்த நிலைமையிலும் செல்லக்கனிக்கு டீச்சர் புத்தி போகவில்லை. ஆனால் மிருகம் மாறியதல்ல அவளுக்குப் பிரச்சினை. எழுதியிருந்த விஷயமே உண்மை இல்லை என்பது அந்தத் தெருவில் அவள் ஒருத்திக்கு மட்டும்தான் தெரியும்.

“மதினி, ஃப்ளெக்ஸ் பாத்தியளா? கடைக்காரனை எழுப்பிவிட்டு அடிச்சு வாங்கினேன்” என்று உள்ளே வந்தார் கொழுந்தன் தவசிங். அழுது அழுது அவர் கண் வீங்கியிருந்தது. நேற்றுக் காலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அண்ணன் நெஞ்சைத் தடவியபடி “கொஞ்சம் படுக்கேன்” என்று சொல்லி, ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் முடிந்துபோனதிலிருந்து, பந்தல், பெட்டி, கல்லறைக் குழி என்று எல்லாவற்றுக்கும் அவர்தான் அலைந்துகொண்டிருந்தார். “வாழ்க்கைக் குறிப்பும் எழுதி சபைக் குரு ஐயருக்கு அனுப்பிட்டேன். கடைசிப் பாராவுல சினிமா விசயத்தை வச்சிருக்கேன். கோயில்ல வாசிக்கும்போது ஒரு பய அசைய மாட்டான்.”

“தம்பி, அந்தப் பாராவை எடுத்திருங்களேன்.”

“ஏன் மதினி? அண்ணனுக்கு அதுல எம்புட்டுப் பெருமை!”

செல்லக்கனி வாயைத் திறந்தாள். பந்தலில் யாரோ தவசிங்கைக் கூப்பிட்டார்கள். அவர் போய்விட்டார்.

அவர்கள் மகன் பெனிஸ்டன் சென்னையில் பொம்மைப்படம் எடுக்கிற ஸ்டுடியோவில் வரைகிறவன். அங்கே இப்போது எடுக்கிற படம், மன்னார் வளைகுடாவில் வழி தவறிய குட்டி மீன் ஒன்றை ஒரு கிழக் கடல்பசு வீடு சேர்க்கிற கதை. அந்த மாதிரிப் படங்களில் குரலுக்குத் தகுந்தபடிதான் வாயை வரைவார்களாம், அதனால் முதலில் யாராவது பேசிப் பதிவு செய்ய வேண்டும். பொங்கல் லீவுக்கு வந்தவன் மைக்கைக் கொண்டுவந்து, பின்னறையில் எதிரொலி வராமல் இருக்கச் சேலை அலமாரியைத் திறந்துவைத்து, ஃபேனை நிறுத்தி, அப்பாவை அதன் முன்னால் உட்காரவைத்தான். செல்லக்கனி இரண்டு நாள் குக்கர் வைக்காமல் சமைத்தாள். துறைமுகத்தில் சரக்கு விடுவிக்கும் ஏஜென்ட் ஆபீஸில் காலமெல்லாம் லாரிக்காரர்களோடு மல்லுக்கட்டிய மனிதர், அங்கே வியர்வை வழிய உட்கார்ந்து, குட்டி மீனை “ஏலே சின்னவனே, பயப்படாதல” என்று தேற்றினார். டைரக்டருக்கு அந்தக் குரல் பிடித்துப்போய், இதையே படத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து ஜெபசீலனைக் கையில் பிடிக்க முடியவில்லை. கோயிலில் ஆள் ஆளாகக் கூப்பிட்டுச் சொன்னார். பிள்ளைகள் ‘கடல்பசு தாத்தா’ என்று கேலி செய்தால், நின்று ஒரு வசனம் பேசிக் காட்டிவிட்டுத்தான் நகர்வார்.

பிறகு படத்துக்குப் பணம் போட்டவர்கள், ஊர் அறிந்த நடிகர் ஒருவர் பேசினால்தான் படம் விலைபோகும் என்றார்கள். பெனிஸ்டன் தயங்கித் தயங்கிப் போனில் சொன்னான். “சரில, படம் நல்லா ஓடணும்லா, அதான் முக்கியம்” என்று அவர் தைரியமாகத்தான் பேசினார். அன்றைக்கு இரண்டாவது சோற்றுக்கு ரசம் கேட்கவில்லை. கை கழுவிவிட்டு வந்து செல்லக்கனியிடம், “வெளிய சொல்லாண்டாம், என்ன? படம் வரும்போது தெரிஞ்சுக்கிடட்டும்” என்றார்.

படம் கிறிஸ்துமஸுக்கு வருகிறது. சபையே குடும்பத்தோடு தியேட்டருக்குப் போகும். கடல்பசு வாயைத் திறந்ததும் வேறு யாரோ பேசுவான். உயிரோடு இருந்தால் அவரே ஒரு சிரிப்பைச் சிரித்துச் சமாளித்துக்கொள்வார். இப்போது கோயிலில் வைத்து அதை வாசித்துவிட்டால், புதைத்த பிறகு மனிதர் புளுகர் ஆகிவிடுவார். அது நடக்கக் கூடாது. தடுக்க வேண்டுமானால் அவர் மறைக்கச் சொன்னதை அவளே ஊரறியச் சொல்ல வேண்டும். ஃப்ரீசர் பெட்டியின் கண்ணாடி வழியாக அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் பாட்டுக்கு நிம்மதியாகக் கிடந்தார்.

மத்தியான விமானத்தில் பெனிஸ்டன் வந்து சேர்ந்தான். அப்பாவின் பெட்டிமேல் தலையைச் சாய்த்துக்கொண்டு வெகுநேரம் அழுதான். அவனோடு முடியைக் கட்டையாக வெட்டிக்கொண்ட ஒரு பெண்ணும் வந்திருந்தாள்.

“அம்மா, இது ஸ்டெபி. படத்துக்கு மியூசிக் இவதான்.”

செல்லக்கனி தலையை மட்டும் அசைத்தாள். அந்தப் படத்துக்காரர்கள் யார் முகத்திலும் விழிக்க அவளுக்கு அன்றைக்கு மனமில்லை. பாவம் பிள்ளை, பூர்வீகம் வேம்பாராம், சென்னையிலிருந்து அவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரிதான் காபி கொண்டுவந்து கொடுத்தாள். ஸ்டெபி அதைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே, “ஆன்ட்டி, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்” என்றாள்.

பின்னறைக்குப் போனார்கள். ஸ்டெபி சேலை அலமாரியை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

“இங்கதானே ரெக்கார்ட் பண்ணாங்க? ஒரு டயலாக்குக்கும் அடுத்ததுக்கும் நடுவுல மைக்கை யாரும் நிறுத்தல ஆன்ட்டி. அந்த கேப்ல எல்லாம் அங்கிள் ஒண்ணு முனகிட்டே இருந்தார். எனக்கு டயலாக்கை விட அதுதான் மனசுல நின்னுது.”

அவள் அதை மெல்ல முனகிக் காட்டினாள். இரண்டு மூன்று சுரங்களிலேயே சுற்றிவந்து, திடீரென்று கீழே ஒரு படி இறங்கி, அங்கேயே நின்று, பிறகு ஏறியது.

“இது எங்க வீட்டுச் சத்தம்லா!” என்றாள் செல்லக்கனி.

சவரம் செய்யும்போது, டிவிஎஸ் துடைக்கும்போது, பல்புக்குக் கீழே உட்கார்ந்து மீன் முள் எடுக்கும்போது அவரிடமிருந்து வந்துகொண்டே இருக்கும் சத்தம். இது ஒரு பாட்டு என்று அவள் நினைத்ததே இல்லை. காலையில் பால்காரன் மணி அடிக்கிற மாதிரி அதுவும் ஒன்று.

“இதுதான் படத்தோட மெயின் ட்யூன் ஆன்ட்டி. ஃப்ளூட்ல வருது, வயலின்ல வருது, கடைசில சின்னப் பசங்க கோரஸா பாடுறாங்க. போன வாரம் அவருக்கு அனுப்பி வச்சேன். கேட்டுட்டு போன்ல விடாம சிரிச்சார். ‘ஏளா ஸ்டெபி, இது பாட்டு இல்ல, கோயில் குவயர்ல நாங்க கீழ்க்குரல்ல பாடுத பேஸு. பாட்டு மேல போவும், இது அதுக்கு அடில கெடக்கும். நீ கீழ உள்ளதத் தூக்கி மேல வச்சிட்டியே’ன்னார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. நாங்க கத்தோலிக்கங்க, உங்க சபைப் பாட்டெல்லாம் நான் கேட்டதில்ல. மாத்திடட்டுமா அங்கிள்னு கேட்டேன்.”

“என்ன சொன்னாவ?”

“‘மாத்திராத. இம்புட்டு வருசமா நாங்க கீழயே நிக்கோம், ஒரு தரமாவது மேல வரட்டும்’னார். ‘வீட்ல டீச்சர்ட்ட சொல்லிராத, தியேட்டர்ல கேக்கட்டும்’னும் சொன்னார்.” ஸ்டெபி டம்ளரை இன்னொரு கைக்கு மாற்றினாள். “படத்துல அவர் பேசலங்கிறது எங்க எல்லாருக்குமே கஷ்டமா இருந்துச்சு ஆன்ட்டி. ஆனா அவர் இல்லாம என்கிட்ட இந்த மியூசிக்கே இல்ல. நன்றின்னு நேர்ல சொல்லணும்னு இருந்தேன். முடியாமப் போச்சு.”

நேற்றிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் வராமல் இருந்த செல்லக்கனி அப்போதுதான் அழுதாள். துக்கம் இருந்தது, அதற்கு மேல் ஒரு சந்தோஷமும் இருந்தது. அவர் மனக்குறையோடு போகவில்லை. கடைசி வாரத்தில் அப்படிச் சிரித்திருக்கிறார். “ஸ்தோத்திரம் ஆண்டவரே” என்று சொல்லிக்கொண்டே அந்தப் பெண்ணின் கையிலிருந்த டம்ளரை வாங்கினாள். “ஆறிப் போச்சு. இரும்மா, நான் சூடு பண்ணித் தாரேன். நீ நல்லா இருக்கணும்.”

பந்தலில் பாடகர் குழுவினர் கறுப்புப் பாட்டுப் புத்தகங்களோடு வந்து உட்கார்ந்திருந்தார்கள். செல்லக்கனி ஸ்டெபியை அங்கே கூட்டிப்போய் மறுபடியும் முனகச் சொன்னாள். குழுவை நடத்துகிற ஜெபின் கண்ணை மூடிக் கேட்டான்.

“நம்ம ஸ்தோத்திரப் பண்டிகைப் பாட்டுல்லா டீச்சர். விளைச்சலுக்கு நன்றி சொல்லுதது. அண்ணாச்சியோட பேஸு அச்சு அசலா அப்படியே இருக்கு.” கண்ணைத் துடைத்துக்கொண்டான். “இன்னைக்கு பேஸு பாட ஆளே இல்ல. இன்னொருத்தரு உண்டு, அவருக்குத் தொண்டை கட்டிக் கெடக்கு.”

“அடக்கத்துல அதைப் பாடுவியளா?”

ஜெபின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த குருவானவரைப் பார்த்தான். அவர் கைபேசியில் தவசிங் அனுப்பிய வாழ்க்கைக் குறிப்பைப் படித்துக்கொண்டிருந்தார். “நன்றி சொல்லுதத எங்க வச்சும் பாடலாம்” என்றார் நிமிராமலே.

“ஐயா, அந்தக் கடைசிப் பாராவையும் மாத்தணும்” என்றாள் செல்லக்கனி. பிறகு தவசிங்கையும் பக்கத்தில் கூப்பிட்டு, இருவரிடமும் எல்லாவற்றையும் சொன்னாள். நடிகர் பேசியதை, கணவர் அதை மறைக்கச் சொன்னதை, ஸ்டெபி சொன்னதை, ஒன்றும் விடவில்லை.

தவசிங் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். “அப்ப நான் ஊர் பூரா பாக்க ஃப்ளெக்ஸு வச்சு அண்ணன் மானத்தை... இப்பமே போய்க் கிழிச்சிட்டு வாரேன் மதினி.”

“கிழிக்க வேண்டாம் தம்பி. நீங்க ஆசையாச் செஞ்சிய. அது இருந்துட்டுப் போவட்டும். எப்படியும் அதுல இருக்கது கடல்பசுவும் இல்ல, கடல்சிங்கம்.”

தவசிங் கம்பத்திலிருந்த ஃப்ளெக்ஸைத் திரும்பிப் பார்த்தார். அழுதுகொண்டிருந்த மனிதருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

கோயிலில் ஆராதனை நடந்தது. குருவானவர் பிறப்பு, படிப்பு, வேலை, கல்யாணம் எல்லாம் வாசித்துவிட்டுக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். “நம்முடைய சகோதரர் பேசிய வசனம் அந்தப் படத்தில் வராது. வேறொருவர் பேசியிருக்கிறார். இந்தக் கோயிலில் அவர் பாடிய பேஸ், அந்தப் படத்தின் இசையாக வரும்.” சபையார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். முதல் பாதி புரிந்தது, இரண்டாவது பாதி பலருக்குப் புரியவில்லை. பின் வரிசையில் யாரோ கிசுகிசுத்தார்கள். செல்லக்கனி நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தாள். சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது.

கல்லறைத் தோட்டத்தில் வெயில் இறங்கிவிட்டிருந்தது. உப்புக்காற்று பாட்டுப் புத்தகங்களின் பக்கங்களைப் புரட்டியது. பெட்டியைக் குழிக்குள் இறக்கினார்கள். குருவானவர் ஜெபித்து முதல் பிடி மண்ணைப் போட்டார். ஜெபின் கையை உயர்த்த, பாடகர் குழு அந்த ஸ்தோத்திரப் பண்டிகைப் பாட்டைத் தொடங்கியது. பெண்கள் ராகத்தை எடுத்தார்கள். மற்ற குரல்கள் சேர்ந்தன. அடியில் ஒன்றுமே இல்லை. தொண்டை கட்டியவர் வாயை அசைத்தார், சத்தம் வரவில்லை. பாட்டு காலூன்ற இடமில்லாமல் அந்தரத்தில் போவது பாட்டுத் தெரியாதவர்களுக்கும் தெரிந்தது.

பெனிஸ்டனுக்குப் பக்கத்தில் நின்ற ஸ்டெபி முதலில் திகைத்தாள். தன்னுடைய ட்யூனுக்கு மேல் இருந்த பாட்டை அவள் இன்றுதான் கேட்கிறாள். இரண்டாவது வரியில் அவளும் வாயைத் திறந்தாள். வார்த்தைகள் தெரியாததால் ‘ஆ’ என்று மட்டும் பாடினாள். ஜெபசீலனின் குரல் நிற்கிற இடத்தைவிட எவ்வளவோ உயரத்தில், மெல்லிய பெண் குரலில், அதே சத்தம். சுற்றி வந்து, ஒரு படி இறங்கி நின்று, பிறகு ஏறியது.

பாடகர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஜெபின் அவர்களைப் பார்த்து உள்ளங்கையைக் கீழ்நோக்கித் தாழ்த்தினான். மற்றவர்களின் குரல் மெல்ல இறங்கியது. ராகம் பாடிய பெண்கள் ஒவ்வொருவராக நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். கோயிலில் கிசுகிசுத்தவர்களும் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

செல்லக்கனி குழியோரமாக வந்து ஒரு பிடி மண்ணை அள்ளினாள்.

“போடுங்க டீச்சர்” என்றார் குருவானவர் மெதுவாக.

“இந்த வரி முடியட்டும் ஐயா” என்றாள்.